லோசேர் பிரபுவும் நாற்பத்தொரு பெயர்களும்

“ஒரே ஒரு எழுத்து போதும்மா! கல்லுல இருந்தாலும் சரி, செம்புல இருந்தாலும் சரி. செவ்வாக்கெழமைக்குள்ள கொண்டாந்து சேத்துடு. இல்லேன்னா நம்ம ஊரு நம்மளது இல்ல!”

அஞ்சாப்புலியின் குரல் அலைபேசியில் விட்டுவிட்டு வந்தது. அவர் காரைக்கால் பக்கத்தில் சங்குமேடு என்ற மீனவக் குப்பத்தின் கரையில் நின்று கத்துகிறார். அவர் மகள் அஞ்சலாட்சி பிரான்சின் தெற்கே, லோசேர் மாவட்டத்தில் ஒரு மலைச்சாலை ஓரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்கிறாள். இன்றைக்குப் புதன்கிழமை.

“கொண்டாரேன்பா. மணியில்லாம நான் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!” என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். சொல்லிவிட்டாளே தவிர, அந்த மணி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எள்ளளவும் தெரியாது.

விஷயம் இதுதான். சங்குமேட்டுக் கடற்கரையில் உல்லாச விடுதி கட்ட ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. ‘இந்தக் குப்பம் முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, இவர்களுக்கு இங்கே ஒரு பாத்தியதையும் இல்லை’ என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களோ தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வலை வீசுகிறார்கள். ஆனால் வாயால் சொன்னால் நீதிமன்றம் கேட்குமா? பெட்டியில் வைத்திருந்த பழைய காகிதங்களையெல்லாம் சுனாமி அள்ளிக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கடைசி விசாரணை. அன்றைக்குள் ஒரு சான்று காட்டாவிட்டால் நூற்றைம்பது குடும்பங்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அஞ்சலாட்சி மோன்பெலியே நகரத்தில் வரலாறு படிக்க வந்தவள். போன வாரம் பழைய பிரெஞ்சுக் கடிதக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. சங்குமேடு! அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

எழுதியவர் வல்மால் என்பவர். இளவயதில் பிரெஞ்சுக் கப்பலில் வைத்தியருக்கு உதவியாளாகக் காரைக்கால் வந்தவர். சங்குமேட்டில் அம்மை கண்டபோது நாற்பது நாள் அங்கேயே கிடந்து நோயாளிகளைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும்போது, ‘எங்கள் மலையில் பனிப்புயலில் வழிதவறி ஆட்கள் சாகிறார்கள்’ என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ‘எங்க ஆளுங்களும் கடல்ல வழிதவறித்தான் சாவுறாங்க, மணியடிச்சுத்தான் கூப்புடுவோம்’ என்று சொல்லி ஊர்க்காரர்கள் ஒரு வெண்கல மணி வார்த்துக் கொடுத்தார்கள். அதில் ஊர்ப் பெயரும், ஆண்டும், நாற்பத்தொரு வீட்டுக்காரர்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன!

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஊர் ஊராகக் கோயில் மணிகளைப் பிடுங்கிப் பீரங்கிக்கு உருக்கினார்கள். வல்மால் விட்டுக்கொடுப்பாரா? கடைசிக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘மணியை எங்கள் வீட்டுக்குக் கீழே, கோடையிலும் பனிக்கட்டி கரையாத குழியில் இறக்கிவிட்டேன்.’ கீழே கையெழுத்து: வல்மால் தெ லா லோசேர், அதாவது லோசேரின் வல்மால். கடிதக் கட்டின் மேலட்டையில் எவரோ அழகான எழுத்தில் ‘லோசேர் பிரபு’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

மாவட்டத்தின் பெயரையே பட்டமாகத் தாங்கிய பிரபு! அப்படியானால் மாவட்டம் முழுக்க அவருடையதாகத்தானே இருந்திருக்கும்? பெரிய கோட்டை இல்லாமலா இருக்கும்? அஞ்சலாட்சி அப்படித்தான் நினைத்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

அவளோடு வந்தவன் ஜகபர். காரைக்காலில் பத்தாம் வகுப்புவரை அவளோடு படித்தவன். இப்போது கடற்கரையிலிருந்து மலை ஊர்களுக்கு மீன் ஏற்றிப்போகும் குளிர்பதன வண்டி ஓட்டுகிறான். நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

“லோசேர்ல மனுஷனவிட ஆடுதான் ஜாஸ்தி புள்ள. வழி கேட்டா ஆடுதான் சொல்லணும்!” என்று அவன் வரும்போதே கிண்டலடித்தான். பிரான்சிலேயே ஆள் குறைந்த மாவட்டம் அதுதான். சாலையில் அரைமணிக்கு ஒரு வண்டி வந்தால் அதுவே திருவிழா.

நல்லவேளையாக ஆட்டுக்குப் பதிலாக ஒதில் என்ற பெண் கிடைத்தாள். மலைக் கிராமங்களுக்கெல்லாம் மஞ்சள் வண்டியில் தபால் கொண்டுபோகிறவள். முப்பது வயது, கட்டையான உடம்பு, எதற்கும் அசராத முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் குகை இறங்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு! கயிறு, கொக்கி, விளக்குத் தொப்பி எல்லாம் அவள் வீட்டில் தயாராகத் தொங்கின. விஷயத்தைக் கேட்டதும், “பிரபுவோட கோட்டையா? இந்தப் பக்கம் இருக்கிற ஒரே கோட்டை ஆற்றங்கரை மேல இருக்கு. வாங்க, காட்டுறேன்!” என்று கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பாழடைந்த கோட்டையின் நிலவறையைக் குடைந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கவும் குடைந்தார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். கிடைத்தது என்ன? இரண்டு துருப்பிடித்த லாடம், ஒரு வௌவால் கூட்டம், ஜகபருக்குச் சளி.

வெள்ளி மாலை ஒதிலின் சமையலறையில் மூவரும் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். மிச்சம் இருப்பது ஒரே பகல். அஞ்சலாட்சி சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது?

மனசை வேறு பக்கம் திருப்ப, புரட்சிக்காலச் சட்டசபை உறுப்பினர் பட்டியலைப் புரட்டினாள். ‘வல்மால், ஏரோ மாவட்டம்.’ அதற்கு அடுத்த வரி, ‘வல்மால், லோசேர் மாவட்டம்.’

அவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

“ஜகபர்! எங்கூர்ல எத்தன அஞ்சலாட்சி இருக்காங்க தெரியுமா?”

“ஏன், ஒன்னு போதாதா?”

“ஏழு பேரு! கூப்புட்டா ஏழு பேரும் திரும்புவாங்க. அதனாலதான் கோயிலடி அஞ்சலாட்சி, கெணத்தடி அஞ்சலாட்சி, கோடித்தெரு அஞ்சலாட்சின்னு எடத்த வச்சுப் பேரு. கோயிலடி அஞ்சலாட்சின்னா கோயிலு அவ சொத்தா?”

ஜகபர் விழித்தான். ஒதிலுக்கு அவள் பிரெஞ்சில் மறுபடி சொன்னாள்.

“சபையில ரெண்டு வல்மால் இருந்திருக்காங்க! ஆள் மாறாம இருக்கத்தான் இவரை ‘லோசேர் வல்மால்’னு கூப்பிட்டிருக்காங்க. பிரபுப் பட்டம் பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு சக்கரவர்த்தி கொடுத்ததுன்னு இங்கேயே அடிக்குறிப்பு இருக்கு. இந்தக் கடிதம் எழுதினப்ப அவர் பிரபுவே இல்ல. கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. சாதாரண ஆளு! வல்மால்னு ஒரு சாதாரண வீடு எங்கேயாவது இருக்கா ஒதில்?”

ஒதில் வாயைப் பிளந்தாள். பிறகு மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சூப்பு தெறித்தது.

“வல்மால் வீடா? உல்மேத் கிராமத்தில் கடைசி வீடு! ஆடு மேய்க்கிறவங்க வீடு. எட்டு வருஷமா அந்த வீட்டுக்கு ஒரு கடிதம்கூட வரல, இப்ப ஆளும் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆழமான பாறைக்குழி இருக்கு. அந்தக் காலத்துல அதுலதான் பால் கெடாம வைப்பாங்க!”

“இத ரெண்டு நாளு முன்னாடி சொல்லக்கூடாதா?” என்று அஞ்சலாட்சி அலறினாள்.

“நீங்க பிரபுவைத்தானே கேட்டீங்க! வல்மாலை யார் கேட்டா?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். மேலே மரமே இல்லாத மொட்டை மேட்டுநிலம், சாம்பல் நிறப் பாறை, காய்ந்த புல். உல்மேத்தில் ஐந்தே வீடுகள். அதில் மூன்று பூட்டிக் கிடந்தன, மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஊர் நடுவே கல்லால் கட்டிய ஒரு சிறிய மணிக்கூண்டு நின்றது, உள்ளே மணி இல்லை.

“இந்தப் பக்கத்துல பனிப்புயல் வந்தா கண்ணுக்கு முன்னாடி நீட்டின கை தெரியாது. அப்ப வீட்டுக்கு ஒரு ஆள்னு முறை போட்டு மணி அடிப்பாங்க. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வழிதவறினவங்க வந்து சேருவாங்க. எங்க ஊர் மணியைப் புரட்சியில பறிகொடுத்ததா சொல்வாங்க,” என்றாள் ஒதில்.

அவள் சொல்லி முடிக்கும்போதே அஞ்சலாட்சி கடைசி வீட்டுப் பின்பக்கம் ஓடிவிட்டாள். அங்கே குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது! எட்டிப் பார்த்தால் இருட்டு. முகத்தில் அறைந்தாற்போல் குளிர்க்காற்று.

ஒதில் இரும்பு முக்காலி ஒன்றை விரித்துக் குழியின் மேல் நிறுத்தினாள், கப்பியை மாட்டினாள், கயிற்றை ஓட்டினாள். “யார் இறங்குறது?” என்று கேட்டாள்.

“நான்!” என்று அஞ்சலாட்சி முன்னே வந்தாள்.

“பயமில்லையா?”

“கட்டுமரம் கவுந்து கடலுக்குள்ள போயிருக்கேன். இதுல மூச்சாவது விடலாம்!”

கயிறு மெல்ல இறங்கியது. ஐந்து மீட்டர்... பத்து... பதினைந்து. பாறைச் சுவரில் நீர் உறைந்து வெள்ளை நரம்பாக ஓடியது. கால் எதிலோ பட்டு வழுக்கியது. பனிக்கட்டி! குழியின் அடித்தளம் முழுக்கப் பாளம் பாளமாக உறைந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு வெடிப்பு, அதன் அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் ஓசை. விளக்கைச் சுற்றிலும் திருப்பினாள். மூலையில் பச்சையாக ஒன்று, தோண்டிக் குடம் அளவுக்கு, பனிக்கட்டிக்குள் பாதி புதைந்து சாய்ந்து நின்றது.

“இருக்கு!” அவள் கத்தியது குழி முழுக்க எதிரொலித்தது. “ஜகபர், மணி இருக்கு! எழுத்து இருக்கு! நம்ம எழுத்துடா!”

மேலே ஜகபர் குதித்தான். கீழே அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் தடவித் தடவிப் படித்தாள். ௲௭௱௭௰௮. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டு! விளம்பி வருஷம், ஆனி மாதம். அப்புறம் பெயர்கள்: பெரியாண்டி, வேம்பன், நாகூரான்... அவள் கண் கலங்கியது. மேல்வரிசைகள் மட்டும் வெளியே தெரிந்தன. மற்றப் பெயர்களும் ஊர்ப் பெயரும் விளிம்பை ஒட்டி, பனிக்கட்டிக்குள் இருந்தன.

“இடுப்புல இருக்கிற கோடரியால வெட்டட்டுமா?” என்று கீழேயிருந்து கேட்டாள்.

“வேணாம்!” என்று ஒதில் பதறினாள். “பழைய வெண்கலம். குளிர்ல கண்ணாடி மாதிரி. அடி பட்டா தெறிச்சிடும்!”

“உப்பு!” என்றான் ஜகபர். “மீன் பெட்டில ஐஸ் இறுகிப் போனா உப்பத்தானே தூவுவோம்? ஒரு மூட்டை உப்பு இருந்தா ரெண்டு மணி நேரத்துல விட்டுடும்!”

ஆட்டுக்கு நக்கக் கொடுக்கும் உப்பு, மேட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள ஆட்டுப்பட்டியில் இருக்கிறது, அரை கிலோமீட்டர்தான் என்றாள் ஒதில். அவன் பறந்தான்.

அப்போது காலை பதினொரு மணி. அதற்குப் பத்து நிமிஷம் கழித்துக் குழியின் வாயில் தெரிந்த வானம் மறைந்தது. முதலில் ஒன்றிரண்டு பனித்துகள் சுழன்று இறங்கின. அப்புறம் காற்று ஊளையிட்டது. மேலே ஒதிலின் குரல் மாறிவிட்டது.

“அஞ்சலாட்சி! புயல்! ராத்திரிதான் வரும்னு சொன்னாங்க, இப்பவே வந்துடுச்சு! எனக்கு வீட்டுச் சுவரே தெரியல!”

“ஜகபர்?”

பதில் இல்லை. ஒதில் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். காற்று அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. அலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. அரைமணி ஆனது. முக்கால் மணி ஆனது. அவன் போட்டிருந்தது மெல்லிய சட்டை, அதன் மேல் ஒரே ஒரு கோட்டு.

“நான் மேல வந்து தேடட்டுமா?” என்றாள் அஞ்சலாட்சி.

“போனா ரெண்டு பேரைத் தேடணும்! மேட்டுக்கு அந்தப்பக்கம் செங்குத்துப் பள்ளம். இந்தக் குளிர்ல அவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். அதுக்குள்ள அவன் காதுல ஏதாவது கேக்கணும்!”

அஞ்சலாட்சி அந்த வெண்கல மணியைப் பார்த்தாள். பனிக்கட்டியில் இறுகிக் கிடந்தால் மணி ஊமை. வெளியே எடுத்து மேலே தூக்கினால்தான் பேசும். வெளியே எடுக்கக் கோடரியைத் தவிர வேறு வழி இல்லை. ஓர் அடி தப்பினால் எழுத்துப் போகும். எழுத்துப் போனால் ஊர் போகும். அப்பாவின் குரல், கரையில் கவிழ்த்து வைத்த படகுகள், நூற்றைம்பது வீடு, எல்லாம் ஒரு நொடி அவள் கண்முன் வந்து போயின.

ஒரே ஒரு நொடிதான். ஊரை மீட்க வந்த இடத்தில் ஒரு உயிரை விட்டுவிட்டுப் போனால் அந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? அவள் கோடரியை ஓங்கினாள்.

சடார்! சடார்! பனிக்கட்டிச் சில்லுகள் முகத்தில் அடித்தன. எழுத்தில்லாத பக்கமாகவே பார்த்துப் பார்த்து வெட்டினாள். கை மரத்தது. இருபது வெட்டு, முப்பது வெட்டு. மணி லேசாக அசைந்தது. இன்னும் ஒன்று! கோடரி வழுக்கியது. ‘டிங்’ என்று ஒரு சின்ன ஓசை. விளிம்பிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று தெறித்துப் பனியில் சறுக்கி, அவள் எட்டிப் பிடிப்பதற்குள் வெடிப்புக்குள் விழுந்து, அடியில் ஓடிய தண்ணீரோடு போய்விட்டது.

அவள் அதைப் பார்த்து அழக்கூட நிற்கவில்லை. மணியின் காதில் கயிற்றைக் கோத்து, நங்கூரத்துக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். “இழு ஒதில்!”

நாற்பது கிலோ இருக்கும். ஒதில் மேலே கப்பியில் தொங்கி இழுத்தாள். அஞ்சலாட்சி இன்னொரு கயிற்றில் கொக்கியை மாட்டி ஏறிக்கொண்டே மணி பாறையில் இடிக்காமல் தோளால் தாங்கினாள். இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேல் இருட்டில் கிடந்த மணி வெளிச்சத்துக்கு வந்தது. வெளிச்சம் என்று பெயர்தான். சுற்றிலும் ஒரே வெள்ளை!

முக்காலியிலேயே மணி தொங்கியது. நாக்கு இல்லை. ஒதில் மரச் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள்.

அம்மாடி! என்ன நாதம்! கார்வையோடு எழும்பி, காற்றைக் கிழித்துக்கொண்டு மேட்டுநிலம் முழுக்கப் பரவியது.

“பன்னிரண்டு அடி, அப்புறம் நிறுத்தணும்,” என்று ஒதில் மூச்சிரைத்தாள். “பதில் குரல் வருதான்னு காது கொடுக்கணும். அதுதான் இங்க முறை!”

பன்னிரண்டு அடி. நிறுத்தம். காற்று மட்டும். மறுபடி பன்னிரண்டு. கை ஓய்ந்தால் சுத்தியலை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அஞ்சலாட்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘மாரியாத்தா, அவன் அல்லாகிட்டயும் நீயே சொல்லு’ என்று வேண்டிக்கொண்டாள்.

ஏழாவது நிறுத்தத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஆட்டுக்குட்டி கத்தியதுபோல மெல்லிசாக.

“அங்கே!”

“ஓடாதே! அடி! சத்தம் இருக்கிற இடத்துக்கு அவனே வரணும்!”

அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். வெள்ளைத் திரைக்குள்ளிருந்து ஒரு நிழல் தள்ளாடி வந்தது. புருவம் எல்லாம் பனி, உதடு நீலம், தலையில் ஒரு மூட்டை!

“உப்பு... கொண்டாந்துட்டேன் புள்ள,” என்று சொல்லிவிட்டு ஜகபர் அவள் காலடியில் சரிந்தான்.

“அட கிறுக்கா! சாவப்போற நேரத்துல உப்ப எதுக்குடா சுமந்துக்கிட்டு வந்த?”

“பள்ளத்து வெளிம்புல நின்னேன். இன்னொரு எட்டு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். மணி கேட்டுச்சு. ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்வாங்கல்ல, நான் ஆனை கணக்கா பின்னாடி வந்துட்டேன்!”

பூட்டியிருந்த வீட்டுக் கதவை ஒதில் தோளால் மோதித் திறந்தாள். அடுப்பு மூட்டி அவனைக் கம்பளியில் சுருட்டிப் போட்டார்கள். கன்னத்தில் இரத்தம் ஏறியதும்தான் அஞ்சலாட்சிக்கு மணியின் ஞாபகமே வந்தது. உள்ளே தூக்கி வந்து துடைத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு பெயரும் முழுசாக இருந்தன. ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு ஓட்டை. ‘...மேடு’ என்பது மிச்சம்.

எந்த மேடு? காரைக்கால் கரையில் மேடு என்று முடிகிற ஊருக்கா பஞ்சம்!

“என்னாலதான்,” என்று ஜகபர் முனகினான்.

“வாய மூடு. ஊரு கேட்டாலும் இதத்தான் செஞ்சிருக்கும்,” என்றாள் அவள்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்தது. அஞ்சலாட்சி மெல்லிய தாளை மணியின் மேல் ஒட்டி, மை ஒற்றி, எழுத்தை அப்படியே படியெடுத்தாள். ஊர்த்தலைவர் கண்டெடுத்த விவரத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மணியில்லாமல் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னது நினைவிருந்தும், மணியை அஞ்சலாட்சி கேட்கவில்லை. சங்குமேட்டுக்காரர்கள் இந்த மலைக்கென்று கொடுத்தது, கொடுத்த வேலையை இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து நேற்றுத்தான் மறுபடி செய்திருக்கிறது. அது காலிக் கூண்டில் ஏறியது. ஒதில் இருவரையும் இறுகக் கட்டிப் பிடித்து, கன்னத்தில் மும்மூன்று முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சங்குமேட்டில் அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. உள்ளே இடம் இல்லாமல் பாதி ஊர் வராந்தாவில் நின்றது.

கம்பெனி வக்கீல் மைப்படியை மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஆண்டு இருக்கிறது, சரி. பெயர்கள் இருக்கின்றன, சரி. ஊர் எங்கே? வெறும் ‘மேடு’! பழைய கடிதத்தில் சங்குமேடு என்று இருந்தால் அது இந்த மணியைத்தான் சொல்கிறது என்பதற்கு என்ன உறுதி? இந்தப் பெயர்கள் எந்த ஊர்க்காரர்களுடையவை என்று யார் கண்டது?”

அஞ்சலாட்சி மைப்படியில் அந்த உடைந்த இடத்தையே பார்த்தாள். நீதிபதி அம்மாள் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். எழுத்து பழசு, படிக்கச் சிரமமாக இருந்தது. “பக்கத்தில் தட்டச்சுப் படி இருக்கிறதே. பெயர்களை வாசியுங்கள், பதிவு செய்துகொள்ளலாம்,” என்று டவாலியிடம் நீட்டினார்.

டவாலிக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக அவருக்குப் பெயரை ஒரே விதமாகத்தான் வாசிக்கத் தெரியும். வாசற்படியில் போய் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

“பெரியாண்டி... பெரியாண்டி... பெரியாண்டி!”

“இருக்கேன்யா!” என்று வராந்தாவிலிருந்து ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். டவாலி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். “வேம்பன்... வேம்பன்... வேம்பன்!”

“வந்துட்டேன் சாமி!”

“நாகூரான்!” “இதோ!” “அஞ்சாப்புலி!” அஞ்சலாட்சியின் அப்பாவே கையைத் தூக்கினார். “மருதவீரன்!” இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். கூட்டம் சிரித்தது. அப்புறம் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது சங்குமேட்டு வழக்கம். ‘இந்த ஊர்க்காரனுக்குப் புதுப்பெயர் வைக்கத் தெரியாது’ என்று அக்கம்பக்கத்துக் குப்பங்கள் கேலி பேசும். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் உயிரோடு எழுந்து நிற்கிறான்!

கம்பெனி வக்கீல் நெற்றியைத் துடைத்தார். முப்பத்தொன்பது பெயர் ஆயிற்று. நாற்பதும் ஆயிற்று.

“கலியபெருமாள்... கலியபெருமாள்... கலியபெருமாள்!”

பதில் இல்லை. டவாலி மறுபடி கூப்பிட்டார். யாரும் எழவில்லை. அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

மீன்கூடைச் சும்மாட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் எழுந்தாள். “அவரு சுனாமில போயிட்டாருய்யா. எம் புருஷன்தான்,” என்றாள். “பேரன் இருக்கான். அவன் பேரும் கலியபெருமாளுதான். இன்னிக்குப் பரிச்ச, பள்ளிக்கூடம் போயிருக்கான். வேணும்னா ஓடிப்போயி கூட்டியாரட்டுமா?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “வேண்டாம்மா. பரீட்சை எழுதட்டும்,” என்றார். பிறகு நிமிர்ந்து, சங்குமேட்டு மக்களை அவர்கள் இடத்திலிருந்து யாரும் அசைக்கக்கூடாது என்று சொல்லி எழுதச் சொன்னார்.

வராந்தாவில் வெடித்த ஆரவாரத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. அஞ்சாப்புலி மகளைத் தூக்காத குறையாக அணைத்துக்கொண்டார். உடைந்த துண்டைப் பற்றி அவள் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கியபோது அவர் கையமர்த்தினார்.

“எழுத்து ஒடஞ்சா என்னாடி? ஆளு இருக்கோம்ல! அந்தத் தம்பி நல்லா இருக்கானா? அதச் சொல்லு மொதல்ல.”